வாடிக்கையாளர்களுக்கு மட்டும்

“காபி வாங்காதவுங்களுக்கு ஒண்ணுக்கு வராதாக்கா?”

இளமதி என்ற ஐந்து வயதுச் சிறுமி ஒரு திங்கட்கிழமை காலை இப்படிக் கேட்டாள். கேட்ட இடம் கடலூர் மஞ்சக்குப்பம், மைதானத்துக்கு எதிரே புதிதாகத் திறந்திருந்த பெரிய காபிக் கடை. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் கம்பெனி அது. முகப்பு முழுக்கக் கண்ணாடி, வாசலில் இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர். ஊர்க்காரர்கள் அதைக் கண்ணாடிக் கடை என்று சுருக்கிக்கொண்டார்கள்.

கல்லாவில் நின்றிருந்தவள் சுவேதா. இருபத்திரண்டு வயது, சிதம்பரம் பக்கத்துக் கீரப்பாளையத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. இளமதியின் அம்மா குறிஞ்சிப்பாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் மனு கொடுக்க வந்தவள். கழிவறை எங்கே இருக்கிறது என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். ‘வாடிக்கையாளர்களுக்கு மட்டும்’ என்று கதவில் எழுதியிருப்பதைச் சுவேதா காட்டினாள். நாலு எண்களை அழுத்தினால்தான் அந்தக் கதவு திறக்கும். அந்த எண் பில்லின் அடியில் அச்சாகி வரும், தினமும் மாறும்.

“பில் இருந்தாத்தாம்மா நம்பர் சொல்லலாம். காபி வாங்குனவுங்களுக்கு மட்டும்னு ரூல்ஸ்” என்றாள் சுவேதா.

அப்போதுதான் குழந்தை அதைக் கேட்டது. கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியது.

சுவேதா கல்லாவை விட்டு வந்து, கதவில் எண்ணை அழுத்தி, “போய்ட்டு வா, பாப்பா” என்றாள். கடவுள் நம்மிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் பெரிய குரலில் கேட்பதில்லை. கேட்கிறவர்களுக்குக் கேட்கட்டும் என்று இப்படித்தான் விட்டுவிடுகிறார்.

திங்கட்கிழமை மனு நாள். தூரத்து ஊர்களிலிருந்து பெண்கள் ஏழு மணிக்கே மஞ்சக்குப்பம் வந்துவிடுவார்கள். ஆபீஸ்கள் திறக்கப் பத்தாகும். அந்த மூன்று மணி நேரத்துக்கு அவர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பது. இதை யாரும் யாரிடமும் சொன்னதில்லை. சாலையின் இந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட காபிக் கடை நடத்தும் மங்கலத்துக்கு மட்டும் தெரியும். அவள் கடை பெஞ்சில் வந்து உட்காரும் பெண்கள், ‘காபி போடவா’ என்று கேட்டால், ‘வேணாங்க, சும்மா நெழலுக்கு ஒக்காந்தேன்’ என்பார்கள்.

இளமதியின் அம்மா திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். அன்றைக்கு மங்கலம் அவளுக்கு ஒரு காபியும் குழந்தைக்கு ஒரு பாலும் போட்டாள். அடுத்த வாரத்திலிருந்து மற்றப் பெண்களிடம், “கண்ணாடிக் கடையில சுவேதான்னு ஒரு பொண்ணு நிக்கும். போய்க் கேளு. பயப்படாத, சிரிச்ச மூஞ்சி” என்று சொல்ல ஆரம்பித்தாள். பெண்கள் போனார்கள். போய்விட்டு வந்து, தைரியமாகக் காபி குடித்தார்கள்.

இதையெல்லாம் மைதானத்து ஓரத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் கோவிந்தசாமி. குறிஞ்சிப்பாடிக்காரர், ஐம்பத்தெட்டு வயது. பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை, வாய்க்கால் தகராறு என்று எதற்கு வேண்டுமானாலும் மனு எழுதித் தருவார். அட்டையில் தாளைச் செருகி, மேலே பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் பேனா நகரும். கண்ணாடிக் கடை என்றால் அவருக்கு ஆகாது. அது திறந்த அன்றே, மங்கலத்தின் கடை முன் நின்று பத்துப் பேர் காதில் விழும்படி சொன்னார்: “அந்தக் கதவ நான் தாண்டுனா என் பேரு கோவிந்தசாமி இல்ல.”

தினமும் காலையில் மங்கலத்தின் கடையில் இந்தப் பேச்சுதான்.

“ஏசி இருக்கு, சோபா இருக்கு. ரெண்டு மணி நேரம் ஒக்காந்தாலும் எழுந்திரின்னு ஒருத்தன் சொல்ல மாட்டான். அதுக்குத்தான் மாமா அந்த வெல” என்பான் ஆட்டோ ஓட்டும் காத்தவராயன்.

“ஒக்கார்றதுக்கு வெலைன்னா ஒக்கார்றதுக்குன்னு வாங்கட்டும். காபி மேல எதுக்கு ஏத்துறான்?”

“நீ குடிச்சுப் பாத்தியா?”

“பாம்பக் கடிச்சுப் பாத்தாத்தான் வெஷம்னு தெரியுமா?”

“உன் வாய்க்கு அங்கல்ல, எங்க போனாலும் கசக்கும் மாமா.”

மங்கலத்தை யாராவது கேட்டால், “அவுங்களால என் யாவாரம் கொறஞ்சா அன்னிக்கு அழுதுக்குறேன். இப்ப திங்கக்கெழம ஜாஸ்தியால்ல ஆயிருக்கு. எந்தப் பொம்பள இதுக்கு முன்ன இங்க ரெண்டாவது காபி கேட்டா?” என்பாள்.

கோவிந்தசாமிக்கும் ஒரு திங்கட்கிழமை அது புரிந்தது. அவர் மனைவி புஷ்பவள்ளிக்குச் சர்க்கரை. திங்கள்தோறும் அவருடனேயே பஸ்ஸில் வந்து, மாத்திரை வாங்கிக்கொண்டு, மத்தியானம் வரை மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். அன்றைக்குப் பத்து மணிவாக்கில் மங்கலத்தின் கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி முழுக்கக் குடித்தாள். பிறகு இன்னொன்று கேட்டாள்.

“என்னா புஷ்பா, இவ்ளோ தாகம்?”

“எப்பவும் இருக்கறதுதான். இப்ப போறதுக்கு எடம் இருக்கு, குடிக்கிறேன்.”

ஒன்பது வருடமாக அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நாக்கு வறண்டுபோய் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. ஊரார் குறையெல்லாம் எழுதிய கை அவருடையது. கோவிந்தசாமி எதிரே இருந்த கண்ணாடிக் கதவைப் பார்த்தார்.

அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தார். நேரில் போகலாம் என்றால் சபதம் குறுக்கே நின்றது. காத்தவராயன்தான் வழி சொன்னான்.

“போன்லயே கடையப் பத்திக் கருத்து எழுதலாம் மாமா. ஊரே படிக்கும், கம்பெனிக்காரனும் படிப்பான். ஸ்டார் எத்தன?”

“ஒண்ணு.”

“நல்லது சொல்லப் போறேன்னு சொன்ன?”

“நல்லது பொண்ணுக்கு. கடைக்கு ஒண்ணு போதும்.”

அரை மணி நேரம் ஒற்றை விரலால் தட்டி அவர் எழுதியது இது:

‘உ. பொருள்: மேற்படி கடையின் காபி விலை குறித்து. ஐயா, இங்கு ஒரு காபி வாங்கும் விலையில் எங்கள் ஊரில் பத்துப் பேர் காபி குடிக்கலாம். இது அநியாயம். எனினும், மேற்படி கடையில் பணிபுரியும் செல்வி சுவேதா என்பவர், காபி வாங்காத ஏழைப் பெண்களுக்கும் திங்கள்தோறும் காலை ஏழரை மணி முதல் பத்து மணி வரை கழிவறைக் கதவைத் திறந்துவிட்டு வருகிறார். கடந்த வாரம் மட்டும் இருபத்துமூன்று பெண்கள் பயன் பெற்றதை நானே நேரில் கண்டேன். மேற்படியார் பொருட்டே இந்த ஒரு நட்சத்திரம் வழங்கப்படுகிறது.’

பெயர், நாள், நேரம், எண்ணிக்கை, நேரில் கண்ட சாட்சி. ஒரு மனுவுக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் அதில் இருந்தன. கோவிந்தசாமி நிம்மதியாக ஊருக்குப் பஸ் ஏறினார்.

புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து சுவேதா மங்கலத்தின் கடைக்கு வந்தாள். அவள் காபி குடிப்பது எப்போதும் இங்கேதான். “அங்க நுரைக்கா, இங்கதான் காபி” என்று சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. பெஞ்சின் மறு முனையில் கோவிந்தசாமியும் காத்தவராயனும் இருந்தார்கள்.

“அக்கா, யாரோ என்ன மாட்டிவிட்டுட்டாங்க.”

“என்னாடி சொல்ற?”

“நான் பில் இல்லாம நம்பர் குடுக்குறேன்னு என் பேரு, நேரம், எத்தன பேருன்னு எல்லாம் எழுதிப் போட்டிருக்காங்க. ஒத்த ஸ்டாரு. மேலாபீஸ்ல பாத்துட்டாங்களாம். அடுத்த வாரத்தோட எனக்கு ஆறு மாசம் முடியுது. நெரந்தரமாச்சுன்னா சிதம்பரம் கடைக்கே மாத்திக்கலாம்னு இருந்தேன். அம்மா வீட்டுல தனியா இருக்குது, ராத்திரி எழுந்தா தலசுத்தி வுழுந்துடுது. இப்ப வெள்ளிக்கெழம பதினோரு மணிக்கு வந்து வெளக்கம் சொல்லுன்னு சிதம்பரத்துக்குக் கூப்புட்டுருக்காங்க. அனுப்பிடுவாங்கன்னுதான் எல்லாரும் சொல்றாங்க.”

“எந்தப் பாவி எழுதினான்?”

“பேரு தெரியலக்கா. மேல ‘உ’ன்னு ஒரு எழுத்து மட்டும் இருக்கு.”

காத்தவராயன் கோவிந்தசாமியைப் பார்த்தான். மங்கலமும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். ‘நான்தாம்மா’ என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் சுவேதா பையை எடுத்துக்கொண்டு தன் ஹாஸ்டலுக்குக் கிளம்பிவிட்டாள்.

அவள் போனதும் மங்கலம் அடுப்பைத் தணித்தாள். “ஏன்ணே, நீதானா அந்தப் பாவி?”

“நல்லதுதான் எழுதினேன் மங்கலம்.”

“நல்லதுதான். போலீஸ்காரன் எழுதுற மாதிரி எழுதியிருக்க.”

காத்தவராயன் போனை வாங்கி அந்தக் கருத்தை அழித்தான். அழித்துவிட்டு, “அவுங்க எப்பவோ போட்டோ புடிச்சு வெச்சிருப்பாங்க மாமா” என்றான்.

வீட்டில் புஷ்பவள்ளி முழுவதையும் கேட்டாள். திட்டவில்லை. சோற்றுத் தட்டை அவர் முன் வைத்தபடி, “பேரு, தேதி, கணக்கெல்லாம் புகாருக்குத்தாங்க வேணும். நன்றிக்கு எதுக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் கோவிந்தசாமி சிதம்பரம் போனார். பழக்கத்தில் அட்டையும் பேனாவும் கூடவே வந்தன. கண்ணாடிக் கடையின் சிதம்பரம் கிளை கோயிலுக்குச் சற்றுத் தள்ளி இருந்தது. கதவருகே ஒரு நிமிடம் நின்றார். பத்துப் பேர் முன்னால் செய்த சபதம். கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே நுழைந்தார்.

சும்மா உட்காரக் கூச்சமாக இருந்ததால் ஒரு காபி வாங்கினார். பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, விசாரிக்கிற அதிகாரி யார் என்று கல்லாவில் கேட்டார். ஏரியா மேனேஜர் பாலகுமார் மூலை மேசையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும், கண்ணில் தூக்கம் போதாத களைப்பு.

“தம்பி, கடலூர்க் கடையப் பத்தி எழுதினது நான்தான்.”

பாலகுமார் நிமிர்ந்தான். “அந்தப் பிள்ளையார் சுழி நீங்களா?” என்று சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை அடக்கினான். “உக்காருங்க சார். மேலாபீஸ்ல அது என்ன ‘உ’ன்னு என்னையப் போட்டுக் கேட்டாங்க.”

“அது புகார் இல்ல தம்பி. எனக்கு வேற மாதிரி எழுதத் தெரியல. மனு எழுதியே பழகிடுச்சு.”

“எனக்குப் புரியுது சார். ஆனா ரூல் ரூல்தான். நீங்க பேரு, நேரம் எல்லாம் போட்டுக் கொடுத்துட்டீங்க. நான் கண்டுக்காம விட்டா அடுத்து என் பேரு வரும். எனக்கும் வீட்ல ரெண்டு புள்ளைங்க.”

கோவிந்தசாமி அட்டையைப் பார்த்தார். இதற்கு எத்தனை மேற்கோள், எத்தனை வாசகம் அவரிடம் உண்டு! ஒன்றையும் எடுக்கவில்லை. அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

“என் சம்சாரத்துக்குச் சக்கர. ஒம்பது வருஷமா திங்கக்கெழம திங்கக்கெழம என் பக்கத்துல தண்ணி குடிக்காம ஒக்காந்திருக்கா தம்பி. எனக்குத் தெரியாது. போன மாசம் மொத மொதல்ல ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சா. அது அந்தப் பொண்ணு தொறந்துவுட்ட கதவாலதான். அத எப்டிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் அப்டி எழுதிட்டேன். தண்டன குடுக்கறதுன்னா எனக்குக் குடுங்க.”

பாலகுமார் கம்ப்யூட்டரை மூடிவிட்டு, கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தான்.

“எங்கம்மா பஸ்ல எங்க போனாலும் தண்ணி குடிக்காது. அது விரதம்னு நெனச்சிட்டிருந்தேன்” என்றான்.

பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். “ஒண்ணு செய்யலாம் சார். இனிமே பில் இல்லாம யாருக்கும் நம்பர் கொடுக்க மாட்டேன்னு அவங்க எழுதிக் கொடுத்தா, எச்சரிக்கையோட முடிச்சிடுவேன். வேலைய நெரந்தரம் பண்ணச் சொல்லி நானே எழுதுறேன். அதுக்கு மேல என்னால முடியாது. ஆனா நீங்க வந்தது அவங்களுக்குத் தெரியக் கூடாது. சிபாரிசுன்னு பேரு வந்தா ரெண்டு பேருக்கும் கெடுதல்.”

“சொல்ல மாட்டேன். சத்தியம்.”

எழுந்தபோதுதான் கோவிந்தசாமிக்கு உறைத்தது. பெண் பிழைத்தாள், ஆனால் திங்கட்கிழமைக் கதவு மூடிவிட்டது. மூடியது தன் கைதான். சட்டைப் பையிலிருந்த பில்லை எடுத்துப் பார்த்தார். அடியில் நாலு எண்கள்.

“தம்பி, இந்த நம்பர் எதுவரைக்கும் செல்லும்?”

“கடை மூடற வரைக்கும்.”

“எத்தன தடவ?”

“அதுக்கெல்லாம் கணக்கு வெக்கலியே சார்.”

“பில்லு வாங்குனது ஒருத்தர், நம்பர் அமுக்குறது இன்னொருத்தர்னா?”

பாலகுமார் அவரை ஒரு முறை கூர்ந்து பார்த்தான். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “பில்லு யாரு கையில இருக்கோ அவங்க எங்க வாடிக்கையாளர் சார்” என்றான்.

வெளியே வரும்போது சுவேதா பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வருவது தெரிந்தது. நெற்றியில் திருநீறு, கையில் ஒரு பைல். கோவிந்தசாமி பக்கத்துப் பூக்கடைத் தட்டி மறைவில் ஒதுங்கிக்கொண்டார். அவள் உள்ளே போன பின், கோயிலுக்குப் போய், அவள் வெளியே வரும் நேரம் வரை சந்நிதியில் நின்றார். என்ன வேண்டிக்கொண்டார் என்பது அவருக்கும் நடராஜருக்கும் தெரியும்.

இரண்டு வாரம் கழித்துச் சுவேதா மங்கலத்திடம் சொல்லிக்கொள்ள வந்தாள். வேலை நிரந்தரமாகிவிட்டது. சிதம்பரத்துக்கு மாற்றலும் கிடைத்துவிட்டது. மங்கலம் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்து, மாதா படத்துக்கு முன் கை வைத்து, அந்தக் கையை அவள் தலையில் வைத்தாள்.

“திங்கக்கெழம வர்றவுங்கள நெனச்சாத்தான் கஷ்டமா இருக்குக்கா. எழுதிக் குடுத்துட்டேன். புதுசா வந்திருக்கவங்ககிட்ட சொல்லவும் முடியாது” என்றாள் சுவேதா. பிறகு பெஞ்சில் இருந்த கோவிந்தசாமியிடம் திரும்பி, “வர்றேன் ஐயா. எழுதினது யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும். அவுங்களுக்கு என்னா கஷ்டமோ” என்றாள்.

சொல்லிவிட்டால் தன் நெஞ்சு லேசாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். கொடுத்த சத்தியமும் நினைவில் இருந்தது. “நல்லா இரும்மா” என்றார். மங்கலம் எதுவோ சொல்ல வந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளர் கழுவப் போய்விட்டாள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை, தேதி கிழிக்க வந்த மங்கலம், மாதா படத்தின் கீழே காலண்டர் ஆணியில் ஒரு சீட்டு குத்தியிருப்பதைப் பார்த்தாள். கண்ணாடிக் கடை பில். அன்றைய தேதி. அடியில் நாலு எண்கள், அவற்றைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம். யாரோ ஒரு புண்ணியவதி மறந்து வைத்துவிட்டுப் போனதாக முதலில் நினைத்தாள். அடுத்த திங்களும் இருந்தது. அதற்கடுத்த திங்களும். பெண்கள் அந்தச் சீட்டை ஒருவர் மாற்றி ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போய்வந்தார்கள்.

“பெரிய எடத்துப் பொம்பள யாரோதான்ணே. நம்ம கடைக்கு வந்து போறதே தெரியல” என்றாள் கோவிந்தசாமியிடம். “நீ இருக்கியே, அந்தக் கதவத் தாண்ட மாட்டேன்னு வீரம் பேசிக்கினு. ஒரு நாள் போயி ஒரு காபி வாங்குனா கொறஞ்சா போயிடுவ?”

“கோவிந்தசாமி சொன்னா சொன்னதுதான்” என்றார் அவர். காத்தவராயன் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை. கண்ணாடிக் கடை திறந்ததும் உள்ளே போன முதல் ஆள், தலையில் துண்டைப் போட்டுக்கொண்ட ஒருவர். கல்லாவில் இருந்த புதுப் பையனுக்கு அவர் பெயர் தெரியாது. ஒரு காபி வாங்கி, சாலைக்கு முதுகைக் காட்டும் நாற்காலியில் உட்கார்ந்து குடித்தார். காபி நன்றாகவே இருந்தது. அதை யாரிடமும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

கிளம்பும்போது மீசையில் ஒட்டியிருந்த நுரையைத் துண்டால் துடைத்தார். துடைத்தது போதுமா என்று வெளியே நின்ற ஒரு பைக்கின் கண்ணாடியில் குனிந்து பார்த்துக்கொண்டார். குறிஞ்சிப்பாடி பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் புஷ்பவள்ளியும் இருந்தாள். முதல் பஸ்ஸில் இடம் இல்லை என்று அவர் சொன்னதை நம்பி அடுத்த பஸ்ஸில் வந்தவள்.

மங்கலம் பின்பக்கம் பால் கேனை இறக்கப் போயிருந்தாள். அவர் சாலையைக் கடந்து, கூரைக்குள் எட்டி, நனையாமல் வைத்திருந்த சீட்டை ஆணியில் குத்தினார். எண் தெரியும்படி நிமிர்த்தி வைத்தார். பிறகு மரத்தடிக்குப் போய், அட்டையில் தாளைச் செருகி, அன்றைய முதல் மனுவுக்குப் பிள்ளையார் சுழி போட்டார்.